சோப்பைப் பற்றி நான் எழுதிய பொய்

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. இதுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம், கராஜை ஒழுங்குபடுத்த ஆரம்பித்ததுதான். பாதியில் ஒரு மடக்கு நாற்காலி அகப்பட்டது. அதை விரித்து உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதுக்காரன் வேலைநாளில் கராஜில் காபியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்ட எதிர்வீட்டு அமெரிக்கர் ஒரு ஆப்பிள் பை கொண்டுவந்து கொடுத்தார். நான் திருத்தவில்லை. நன்றாக இருந்தது.

போன வாரம் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் பிரியா கூப்பிட்டாள். டெக்சஸில் இர்விங்கில் இருந்துகொண்டு என் பழைய கம்பெனிக்கு வேலை செய்கிற பெண்.

"அங்கிள், புது ரூல் புக் வந்திருக்கு. இனிமே 'அந்நிய மொழியில் பேசுகிறார்'னு எங்கயும் போடக் கூடாதாம். எந்த மொழியோ அதோட பேரைப் போடணுமாம், அந்த மொழி தெரிஞ்சவங்க கேட்டு ஓகே பண்ணணுமாம். இது உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்றாங்க. மேனேஜ்மென்ட்கூட ஃபைட் பண்ணீங்களா?"

"ஃபைட்டெல்லாம் இல்லம்மா. பயந்தேன்."

"சும்மா சொல்லாதீங்க அங்கிள். எழுதுங்க, நாங்க படிக்கறோம்."

பயந்ததை எழுதச் சொல்லி ஒருவர் கேட்பது அபூர்வம். எழுதுகிறேன்.

என் தொழில் சப்டைட்டில். பிரெஞ்சுப் படங்களுக்கு ஆங்கிலத்தில் கீழே எழுத்து போடுகிற வேலை. நான் இருக்கும் நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில், கோயிலில் யாராவது விசாரித்தால், "சினிமாவுல இருக்கேன்" என்பேன். "டைரக்‌ஷனா?" என்று கண் விரியும். "இல்ல, கீழ வர்ற எழுத்து." கண் பழைய அளவுக்கு வந்துவிடும்.

பிறந்து வளர்ந்தது பாண்டிச்சேரி, படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். மனைவி வசந்திக்கு நியூஜெர்சியில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கிரீன் கார்டு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. மகள் தாரிணியைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, இடையில் சாம்பார் வைப்பது என்று ஆறு வருடம் ஓடியது. கார்டு வந்த மாதமே வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருடப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வரிக்கு இத்தனை எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி, ஒரு காட்சித் துண்டிலிருந்து அடுத்ததற்கு எழுத்து வழியக் கூடாது. ஒரு பிரெஞ்சுக்காரன் ஒன்றரை நொடியில் கொட்டும் வசவை, அதே ஒன்றரை நொடியில் படிக்கக்கூடிய ஆங்கில வசவாக மாற்ற வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் நான் கற்ற கெட்டவார்த்தைகள் பாண்டிச்சேரியில் முப்பது வருடத்தில் கற்றதைவிட அதிகம்.

என் மேலதிகாரி பெயர் மார்த்தா. அவரது பெற்றோர் போர்ச்சுகலிலிருந்து நியூவர்க்குக்கு வந்து குடியேறியவர்கள். மெலிந்த, உயரமான பெண்மணி. ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை பார்ப்பார். முதல் முறை சத்தத்தோடு. இரண்டாம் முறை திரையை மறைத்துக்கொண்டு என் வரிகளை மட்டும் வாய்விட்டுப் படிப்பார். மூன்றாம் முறைதான் வில்லங்கம். சத்தத்தை அணைத்துவிட்டு, முகத்தையும் எழுத்தையும் மட்டும் பார்ப்பார். சுண்டு விரலால் படத்தை நிறுத்துவார். 'தப்பு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "குணா, இங்கே நான் தொலைந்துபோனேன்" என்பார். அவ்வளவுதான். எங்கே தொலைந்தார், ஏன் தொலைந்தார் என்று நாம்தான் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வர வேண்டும்.

எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் குடியேறிகளின் படங்கள். "நீயும் குடியேறி, உனக்குப் புரியும்" என்று சக ஊழியர்கள் தள்ளிவிடுவார்கள். ஆரம்பத்தில் அந்தப் படங்களில் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகள், போலீஸ், எரியும் கார் என்றுதான் இருக்கும். பிறகு மெல்ல மாறியது. மாலியிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் பள்ளி ஆசிரியையாக வந்தாள். அல்ஜீரியத் தகப்பனின் மகன் ஒயின் தோட்டம் வாங்கினான். அவர்களுக்கும் வயிற்று வலி, காதல், மாமியார் எல்லாம் வர ஆரம்பித்தன. ஆனால் ஒரு காட்சி மட்டும் மாறவே இல்லை. "நீ எந்த ஊர்?" "லியோன்." "அது சரி, உண்மையில் எங்கிருந்து?" இதை நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வேன். பெட்ரோல் போடும்போது என்னையும் கேட்கிறார்களே. "பிரிட்ஜ்வாட்டர்." "இல்லை, உண்மையில்?" "ரூட் 22 நெடுஞ்சாலையை ஒட்டி."

ஒரு நாள் தாரிணி, அப்போது பதினாலு வயது, என் பின்னால் வந்து நின்று ஒரு படத்தைப் பார்த்தாள். அம்மா அரபியில் கேட்கிறாள், மகள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். நான் இரண்டையும் ஒரே ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். "அப்பா, அவங்க ரெண்டு பேரும் வேற வேற பாஷை பேசறாங்க. நீ அதை அழிச்சிட்ட" என்றாள். இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் தமிழில் "போய் ஹோம்வொர்க் பண்ணு" என்றேன். அவள் ஆங்கிலத்தில் "முடிச்சிட்டேன்" என்றாள். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மறுநாள் மார்த்தாவிடம் சென்று, அரபி வரிகளைச் சாய்ந்த எழுத்தில் போடலாமா என்று கேட்டேன். "சாய்ந்த எழுத்து தொலைபேசிக் குரலுக்கு" என்றார். "இந்த வீட்டில் அம்மா பேசுவது தொலைபேசியில் பேசுவது மாதிரிதான்" என்றேன். யோசித்தார். அந்தப் படத்துக்கு மட்டும் சம்மதித்தார்.

அந்தத் துணிச்சலைப் பார்த்து மார்த்தா, தன்னிடம் இப்படி ஒரு தமிழர் இருக்கிறார் என்று வெளியே பெருமை பேசியிருக்கிறார். அதுதான் எனக்கு வினையாக வந்தது.

வந்தது ஒரு பாரிஸ் ஹோட்டல் கதை. ஹோட்டலை நடத்துபவள் அல்ஜீரியப் பெற்றோருக்கு அங்கே பிறந்தவள். தான் யார் என்று தெரியாமல் படம் முழுக்கத் தவிக்கிறாள். நடுவில் ஒரு காட்சி. அவள் சமையலறை வாசலில் நின்று, பாத்திரம் கழுவும் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்கிறாள். கேமரா அதில் ஒருவருடைய முகத்துக்கு மிக அருகே போய் நிற்கிறது. பிரெஞ்சு வசனப் பட்டியலில் அந்த இடத்தில், 'இருவரும் தங்கள் மொழியில் பேசுகிறார்கள்' என்று மட்டும் இருந்தது. வழக்கமாக நாங்கள் அடைப்புக்குறிக்குள் 'அந்நிய மொழியில்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அமெரிக்க விநியோகஸ்தர், 'அது தமிழாம். உங்களிடம் தமிழர் இருக்கிறாராமே, இதையும் மொழிபெயர்த்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

பேசியது தமிழ்தான். யாழ்ப்பாணத் தமிழ். ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"கமெராவைப் பாக்காதையடா. ஏதாவது கதைக்கட்டாம்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையெண்டாலும் கதை. இவைக்கு விளங்கப்போகுதே?"

இரண்டாமவர், முகம் தெரிகிறவர், ஒரு மூச்சு இழுத்தார்.

"போன கிழமை என்ர கேஸைத் தள்ளிப்போட்டாங்கள். மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை. இந்த வேலையும் என்ர பேரில இல்லை. மற்றவன்ர கார்டில செய்யிறன்."

இருவரும் நடிகர்கள் இல்லை. படம் எடுத்த நிஜ ஹோட்டலில் நிஜமாகவே பாத்திரம் கழுவுகிறவர்கள். அகதி வழக்கு தள்ளுபடியான ஒரு மனிதர், அதை மனைவியிடம்கூடச் சொல்லாதவர், இன்னொருவர் அடையாள அட்டையில் வேலை செய்கிறேன் என்று, முகம் முழுக்க வெளிச்சத்தில், உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் விளங்காது என்ற நம்பிக்கையில். விளங்கிவிட்டது. நியூஜெர்சியில் ஒருத்தனுக்கு.

நான் லேப்டாப்பை மூடினேன். அது போதாது என்று அதன் மேல் ஒரு டவலைப் போட்டேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிடத் தைரியம் வரவில்லை. கேன்டீனில் இரண்டு பிளேட் புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் பசிக்கும்.

அன்றைக்கு வசந்திக்கு வீட்டிலிருந்து வேலை. கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பதினோரு மணிக்குப் புளியோதரை வாசனையோட வந்து நிக்கறீங்க. யாருக்கு என்ன ஆச்சு?"

"சொல்லக் கூடாது. காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். வெளியில யாருக்கும் படத்தைப் பத்திப் பேசக் கூடாது."

"நான் வெளியிலயா?"

"ஒரு சந்தேகம். தொழில்ல ஒரு சின்னப் பொய் சொல்லலாமா?"

"அடுத்தவன் சொன்னதைச் சொல்றதுதானே உங்க தொழில்? அதுல பொய் சொல்ல என்ன இருக்கு?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "படத்துல யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அன்று மதியம் நான் செய்தது, பதினெட்டு வருட வேலையில் ஒரே ஒரு முறை செய்தது. கேட்டதை எழுதாமல் கேட்காததை எழுதினேன். முதல் வரி: 'சோப்பு தீர்ந்துவிட்டது.' இரண்டாவது: 'நேற்றே சொன்னேனே, பெரிய டப்பாவாக வாங்கு என்று.' எழுத்து எண்ணிக்கை சரி, நேரம் சரி. அப்போது கம்பெனியில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. கோப்பை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். விடிய விடிய மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மார்த்தா கூப்பிட்டார். அவரது அறையில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அந்த மனிதர் மூச்சு இழுக்கும் இடத்தில் சுண்டு விரலால் நிறுத்தினார்.

"குணா, இங்கே நான் தொலைந்துபோனேன்."

"எங்கே?" என்றேன்.

"சோப்பு தீர்ந்ததற்கு எந்த மனிதனும் இப்படி மூச்சு இழுக்க மாட்டான்."

பத்து நொடி தாக்குப்பிடித்தேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலை போகும், என்மீது வழக்குப் போடுவார்கள், அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், என்னையும் எங்காவது அனுப்புவார்கள் என்று ஒரே மூச்சில் அடுக்கினேன். "உனக்கு இங்கே குடியுரிமை இருக்கிறது, உன்னை எங்கே அனுப்புவது?" என்றார் மார்த்தா. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"பேசாமல் அடைப்புக்குறிக்குள் 'அந்நிய மொழியில்' என்று போட்டுவிடலாம் மார்த்தா. எல்லோரும் போடுகிறதுதானே? பிரச்சினை முடிந்தது."

"சத்தம் அப்படியேதானே போகும்?"

"ஆமாம்."

"உலகத்தில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்?"

"கோடிக்கணக்கில்."

"அப்போது அந்த அடைப்புக்குறி யாரைக் காப்பாற்றும்?"

வாய் திறந்தேன். வந்த பதில் எனக்கே பிடிக்கவில்லை. "என்னை."

மார்த்தா சிரிக்கவில்லை. எங்களிடம் கேள்வித்தாள் என்று ஒரு முறை உண்டு. மொழிபெயர்ப்பாளர் தன் சந்தேகங்களை எண் போட்டு எழுதுவார். அது விநியோகஸ்தர் வழியாகப் படம் எடுத்தவர்களுக்குப் போகும், பத்துப் பேர் படிப்பார்கள். "இதை எழுத்தில் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மார்த்தா நேராகப் பாரிசுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். விதிப்படி அவர் அதைச் செய்யக் கூடாது. அவருக்குத் தெரியும். அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் எண்ணை அழுத்தினார்.

அந்தப் படத்தின் இயக்குநரைச் சாமியா என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெற்றோரும் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள்தான். நான் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன்.

"சமையல் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன்" என்றார். "குரல் அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஐயா, என் அம்மா பேசுவதை இந்த ஊரில் எல்லோரும் பின்னணிச் சத்தமாகத்தான் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்தேன். எடுத்துவிட்டு நானும் அதையே செய்திருக்கிறேன்." உடனே, "அந்தக் காட்சியை வெட்டிவிடுகிறேன்" என்றார். அதை மார்த்தாவிடம் சொன்னேன்.

"அந்த மனிதரைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்" என்றார் மார்த்தா, என் தோளுக்குப் பின்னாலிருந்து. நான் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் சாமியாவின் போனிலிருந்து அந்த மனிதரே பேசினார். அவரை நாதன் என்று அழைக்கிறேன்.

"அண்ணை, நீங்கள் இந்தியாவே?"

"பாண்டிச்சேரி, தம்பி. இப்ப நியூஜெர்சி."

"பாண்டிச்சேரி ஆக்களுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் லேசாக் கிடைக்குமாமே?"

"எனக்குக் கிடைச்சிருந்தா நான் ஏன் இங்க வந்து புளியோதரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்?"

சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "அண்ணை, நான் சொன்னதை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இரண்டரை பேருக்கு. என் மேலதிகாரி, உங்க டைரக்டர்."

"மிச்ச அரை ஆர்?"

"என் வொய்ஃப். நான் ஒண்ணுமே சொல்லல. பாதியை அவளே கண்டுபிடிச்சுட்டா."

"மனுசிமார் அப்பிடித்தான். என்ர ஆளும் படத்தைப் பாத்தாவெண்டா முழுக்கக் கண்டுபிடிச்சிடுவா."

"வேண்டாம்னா அந்தக் காட்சியையே வெட்டிடறேன்னு சொல்றாங்க தம்பி."

"வெட்டினா என்ர மூஞ்சியும் போயிடுமே?"

"போயிடும்."

"நான் படத்தில வாறன் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன் அண்ணை."

கேஸ் தள்ளுபடியானாலும் சினிமா ஆசை தள்ளுபடியாகவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. முகம் இருக்கட்டும், மூச்சுக்குப் பிறகு வரும் முதல் வரிக்குக் குரலை மட்டும் புதிதாகப் பதிவு செய்வோம், மீதிப் பேச்சை வெட்டிவிடுவோம் என்று முடிவானது. வாயசைவுக்குப் பொருந்த வேண்டுமே. பழைய வரி 'போன' என்று உதடு சேர்ந்து தொடங்குகிறது. முடிவதற்குச் சற்று முன்னால் 'தள்ளிப்போட்டாங்கள்' என்பதில் மறுபடி உதடு சேர்கிறது. அதே இடங்களில் உதடு சேரும் வரி வேண்டும். நான் பெருந்தன்மையோடு என் கைவசச் சரக்கை நீட்டினேன்.

"பெரிய சோப்பு டப்பா வாங்குன்னு..."

"சோப்பை விடுங்கோ அண்ணை. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அதோடதான் கிடக்கிறன். படத்திலயாவது வேற கதைப்பம்."

இரண்டு நாள் அவகாசம் கேட்டார். வரி யோசிக்க என்று நினைத்தேன். அதற்கு இல்லை.

"ஊருக்குப் போன் எடுத்து மனுசிக்குச் சொல்லிட்டன் அண்ணை" என்றார், அடுத்த முறை பேசியபோது. "முதல் அழுதவ. பிறகு ஏன் மறைச்சனீங்கள் எண்டு நல்லா ஏசினவ. பிறகு, சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டவ. இனிப் பயமில்லை."

வரியும் தயாராக இருந்தது. நான் இங்கே படத்தை ஓடவிட்டுப் போனில் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவர் அங்கே பதிவு அறையில் நின்று ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தார். அந்த மூச்சு மட்டும் பழையபடியே இருக்கட்டும் என்று மார்த்தா கேட்டுக்கொண்டார். மூச்சுக்குப் பின் நாதன் சொன்னது இது:

"பாத்துக்கொண்டிரு. நான் கழுவுற இந்தச் சட்டியில ஒரு நாள் நானே சமைப்பன்."

நான் அதைச் சரியாக இரண்டு வரியில் ஆங்கிலமாக்கினேன். மேலே அடைப்புக்குறிக்குள் 'தமிழில்' என்று போட்டேன். மார்த்தா மூன்றாம் முறை, சத்தமில்லாமல் பார்த்தார். சுண்டு விரல் அசையவில்லை. அன்று மாலையே எங்கள் பிரிவுக்கு ஒரு வரியில் உத்தரவு எழுதி அனுப்பினார்: மொழியின் பெயர் தெரியாமல் எந்தக் கோப்பும் வெளியே போகக் கூடாது. முதலில் அது எங்கள் ஆறு பேருக்கான உத்தரவாகத்தான் இருந்தது. பிரியாவின் கைக்கு வந்திருக்கும் புத்தகம் அதிலிருந்து வளர்ந்தது என்றால், எனக்குச் சந்தோஷம்தான்.

படம் வந்தபோது குடும்பத்தோடு பிரின்ஸ்டன் பக்கம் ஒரு சின்னத் தியேட்டரில் பார்த்தோம். மொத்தம் பதினோரு பேர். அந்தக் காட்சி நெருங்க நெருங்க, தவறிப்போய்ப் பழைய குரலே வந்துவிடுமோ என்று நான் வசந்தியின் கையை நெரித்ததில், வளையல் உடைந்தது. புதுக் குரல்தான் வந்தது. பின்வரிசையில் ஒரு அமெரிக்க மூதாட்டி, நாதனின் வரியைப் படித்துவிட்டு, "சமைக்கட்டும், நானும் போய்ச் சாப்பிடுகிறேன்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார். தாரிணி என் காதருகே குனிந்து, "அப்பா, குட் ஜாப்" என்றாள். என்ன ஜாப் என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். ஆனால் தமிழில் இருக்கிறதே, பிரியாதான் படித்துச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்தப் படம் மறுபடி மேசைக்கு வந்தது. புதிய வெளியீட்டுக்காகக் கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலைத் திருத்துகிறார்கள். பழைய பட்டியலில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குப் பெயர் இல்லை. எந்தப் பெயரைப் போடுவது, அவருடையதையா, கார்டுக்காரருடையதையா என்று சாமியா அப்போது வெறுமையாக விட்டிருந்தார். இப்போது அதில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். எழுத்துகள் சரிதானா என்று கேட்க நாதனைக் கூப்பிட்டேன். மேல்முறையீட்டில் அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. வேறொரு ஹோட்டலில் மதியச் சமையல் அவர் பொறுப்பு. பின்னால் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது.

"உங்க பேரை எப்படி எழுதணும் தம்பி?"

"நில்லுங்கோ அண்ணை, கார்டைப் பாத்துச் சொல்லுறன்."

ஒவ்வொரு எழுத்தாகப் பிரெஞ்சில் சொன்னார். தகப்பன் பெயரும் சேர்த்து மிக நீளமான பெயர். அதை இங்கே எழுதவில்லை, படத்தில் இருக்கிறது. முடித்ததும் என் பழைய பயம் தலை நீட்டியது. கேட்டே விட்டேன்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கார்டு..."

"என்ர மூஞ்சிதான் போட்டிருக்கு அண்ணை" என்றார் நாதன். "நானும் ஒவ்வொரு நாளும் காலமை ஒருக்காப் பாத்துக்கொள்ளுறனான்."